பூமி இன்னும் தயாராகவில்லை

அந்த டிவிக்கு ரிமோட் கிடையாது. சுங்குவார்சத்திரம் பக்கம் நான் முதன்முதலில் வேலை பார்த்த கம்பெனியின் கேன்டீனில், கை கழுவும் தொட்டிக்கு மேலே, யாருக்கும் எட்டாத உயரத்தில் அது தொங்கியது. செய்தி போட்டால் கட்சிச் சண்டை வந்தது. பாட்டுப் போட்டால் எந்த நடிகர் பெரியவர் என்று சண்டை வந்தது. கடைசியில் கேன்டீன் நடத்துபவர் சிறுவர் சேனல் ஒன்றை வைத்துவிட்டு ரிமோட்டைத் தன் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார் என்று சொல்வார்கள். அதனால் நீலச் சட்டையும் வலைத் தொப்பியும் போட்ட வளர்ந்த பெண்கள் அத்தனை பேரும், சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே பொம்மைப் படம் பார்த்தோம். வேற்றுக்கிரகத்திலிருந்து பூமியைப் பிடிக்க வந்த நான்கு பேரின் கதை அது. பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும். எங்கள் லைனுக்கு இடைவேளை பன்னிரண்டு பத்துக்கு. கை கழுவி, வரிசையில் நின்று, தட்டோடு உட்காரும்போது பாதிக் கதை முடிந்திருக்கும். நான் அங்கே இருந்த இரண்டு வருடத்தில் ஒரு பாகத்தைக்கூட முதலிலிருந்து பார்த்ததில்லை.

முடிவை மட்டும் தவறவிட்டதில்லை. ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும், நீளக் கழுத்தும் மூன்று கண்ணும் கொண்ட துணைத்தளபதி மேலிடத்துக்கு அறிக்கை எழுதுவான். மூன்றாவது கண் எப்போதும் பாதி மூடியே இருக்கும். “பூமி இன்னும் தயாராகவில்லை. மேலும் ஒரு மாதம் தேவை” என்று எழுதி முடித்ததும் பாட்டு வந்துவிடும். அந்த இடம் வந்தால் எங்கள் லீடர் அக்கா வாய்க்குக் கொண்டுபோன கவளத்தை அப்படியே நிறுத்திவிட்டுச் சிரிப்பாள். தொண்டைக்குள்ளேயே சிரிக்கிற சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கும்.

லீடர் அக்கா சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. வண்டிகளுக்குப் போகும் ஒயர்களைக் கட்டாகச் சேர்த்து, டேப் சுற்றி, நுனியில் கனெக்டர் மாட்டி அனுப்புவதுதான் எங்கள் லைனின் வேலை. அதில் பன்னிரண்டு வருடம் இருந்தவள். டேப் சுற்றிச் சுற்றி அவளுடைய வலது கட்டைவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. லைனில் நடந்து வரும்போது யாரையும் நின்று பார்க்கமாட்டாள். போகிற போக்கில் ஒயர்க்கட்டை ஒரு தரம் விரலால் வருடிவிட்டு, “ஏட்டி, இங்க லூசா கெடக்கு” என்று சொல்லிவிட்டுப் போவாள். பிரித்துப் பார்த்தால் லூசாகத்தான் இருக்கும். நான் சேர்ந்த புதிதில் அவள் கேன்டீன் தூண் ஓரமாகத் தனியாக நின்றுகொண்டே சாப்பிடுவாள். ஏன் என்று லைனில் எனக்குப் பக்கத்தில் நிற்பவளிடம் கேட்டேன். அவள் மணிமங்கலத்துக்காரி, எங்கள் கம்பெனியில் எல்லார் சங்கதியும் அறிந்தவள். “முன்ன அக்கா கூட ரெண்டு பொண்ணுங்க இருந்துச்சுங்க. புது ஷெட்டுக்கு இஸ்துகினு பூட்டாங்க. அதுலருந்து அக்கா இப்படித்தான் துன்னும்” என்றாள். நான்தான் ஒரு நாள் போய், “அக்கா, எங்க மேசையில எடம் இருக்கு” என்று கூப்பிட்டேன். அன்றிலிருந்து நாங்கள் மூவரும் ஒரு மேசை.

எங்கள் மேசையில் சாப்பாட்டைவிட விவாதம்தான் அதிகம். அந்த நால்வரும் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டிக்குள் குடியிருந்தார்கள். குள்ளத் தளபதி பெட்டி மேல் ஏறி நின்றுதான் கத்துவான். உளவு பார்க்கப் போகிறவள் தினம் ஒரு புதுத் தொப்பியோடு திரும்புவாள். ஓட்டுநருக்குத் தெருமுனைச் சிக்னல் விளக்குதான் பூமியின் அரசன். எல்லா வண்டியும் அதற்குக் கட்டுப்பட்டு நிற்கிறதே என்று தினமும் போய் அதற்குச் சல்யூட் அடிப்பான். ஒரு நாள் அந்த ஊர் மேயரே பயந்துபோய் நகரத்துச் சாவியைக் கொண்டுவந்து கொடுக்கிறார். சாவியை வாங்கினால் ஊர் இவர்களுடையது. அந்த நேரம் பார்த்துத் துணைத்தளபதி ஆயுத இயந்திரத்தின் மேல் போய் உட்கார்ந்துவிடுகிறான். தொட்டி முழுக்க நுரை. மேயர் சாவியோடு ஓடிவிடுகிறார்.

“வேணும்னே உக்காந்தான் பாத்தியளா?” என்றாள் அக்கா.

நான் பி.எஸ்சி. இயற்பியல். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள். செய்யாறு பக்கத்தில் என் அப்பாவும் அம்மாவும் இன்றும் கைநாட்டுத்தான். ஒரு விஷயத்தை ஏன் எதற்கு என்று பிரித்துச் சொல்லக் கற்றுக்கொண்டவள் என்ற பெருமை எனக்கு உண்டு. அதை மறைத்துக்கொண்டதும் இல்லை. “தளபதி தோத்தாத்தான்க்கா இவனுக்கு அந்தப் பதவி கெடைக்கும். அதான் காரியத்தைக் கெடுக்கறான். பதவி ஆசை” என்று தீர்ப்புச் சொன்னேன்.

“போ ஏட்டி. பூமியப் பிடிச்சாச்சுன்னு எழுதுனா மறுநாளே நாலு பேரையும் நாலு கிரகத்துக்குப் பிரிச்சு அனுப்பிருவாவ. அதுக்குப் பயந்துதான் எழுத மாட்டேங்கான்.”

“அப்படின்னு படத்துல எங்கக்கா சொன்னாங்க? நாம ஆரம்பமே பாத்ததில்லயே.”

“எல்லாத்தயும் வாயத் தொறந்து சொல்லணுமாக்கும்? அவன் மூஞ்சியப் பாத்தாத் தெரியலயா?”

மணிமங்கலத்துக்காரிக்கு எங்கள் இருவர் பேச்சும் பிடிக்கவில்லை. “இன்னாக்கா நீங்க, பதவின்றீங்க, கிரகம்ன்றீங்க. அவனுக்கும் அந்த உளவுக்காரிக்கும் ஒரு இது ஓடிகினு கீது. அவ புதுத் தொப்பி மாட்டிகினு வந்தா இவன் மூணாவது கண்ண முழுசா தொறக்கறான். படிச்சவங்க, லீடரு, ரெண்டு பேருக்கும் அது தெரியல” என்றாள். அக்கா சிரித்துச் சிரித்துப் புரையேறி, நான் அவள் தலையில் தட்டினேன். இந்தச் சண்டை மாதக்கணக்கில் போனது. ஒவ்வொரு பாகத்திலும் எனக்குப் பதவி ஆசைக்கு ஓர் ஆதாரம் கிடைக்கும். அக்கா அதைக் கையால் ஒதுக்கிவிட்டு, “பிரிஞ்சிருவோம்னு பயம்ட்டி அவனுக்கு” என்று அதையே சொல்வாள்.

இனி அந்த வட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் லைன் முகப்பில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. அதில் ஒவ்வொருத்தி பெயருக்கும் எதிரே நான்காகப் பிரித்த ஒரு வட்டம். வேலை பழக ஆரம்பித்தால் ஒரு கால். ஆள் நின்று கவனித்தால் செய்வாள் என்றால் அரை. தனியாகவே செய்வாள் என்றால் முக்கால். அடுத்தவளுக்குக் கற்றுத் தருவாள் என்றால் முழுவதும் கறுப்பு. மார்க்கர் லீடர் கையில் மட்டும்தான் இருக்கும். மாதக் கடைசியில் அவள் வந்து நிரப்புவாள். வட்டம் முழுதாகக் கறுத்தவளைப் புது ஷெட்டுக்கு லீடர் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்கள். அங்கே போனால் வேலை நிரந்தரம். வட்டம் நிரம்பாமல் இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்தால் வீட்டுக்கு. எனக்கு அந்த வட்டம்தான் எல்லாம். அப்பா ஊரில் எல்லாரிடமும், “எம் பொண்ணு கம்பெனியில பர்மனென்ட் ஆவப்போறா” என்று சொல்லிவைத்திருந்தார்.

ஒன்றரை வருடத்தில் என் வட்டம் முக்காலுக்கு வந்துவிட்டது. அங்கேயே நின்றது. புதிதாக வந்த பெண்களுக்கு நான்தான் டேப் சுற்றக் கற்றுக்கொடுத்தேன். அக்காவே அவர்களை என்னிடம் அனுப்புவாள்: “அவகிட்ட போய் படி. என்னய விட நல்லாச் சொல்லித் தருவா.” ஆனால் மாதக் கடைசியில் மார்க்கரோடு பலகை முன்னால் நிற்கும்போது என் பெயரைத் தாண்டிப் போய்விடுவாள். முதல் மாதம் கேட்டேன். “இன்னும் ஒரு மாசம் போட்டும்ட்டி” என்றாள். இரண்டாம் மாதமும் அதே. மூன்றாம் மாதம் எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. “எனக்கு இன்னாக்கா தெரியல? சொல்லுங்க, கத்துக்கறேன்” என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மார்க்கர் மூடியைப் போட்டுப் போட்டு எடுத்தாள். “கோவப்படாத. இன்னும் ஒரு மாசம்.” அன்று சாப்பாட்டு மேசையில் துணைத்தளபதி அதையேதான் எழுதினான். மணிமங்கலத்துக்காரி சிரித்தாள். அக்கா அன்று சிரிக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன். கவனித்தும் ஒன்றும் புரிந்துகொள்ளவில்லை. படித்தவள்.

ஒப்பந்தம் முடியும்போது எப்போதும் ஒரு மாதமோ இரண்டு மாதமோ நீட்டித்துத் தருவது அந்தக் கம்பெனியின் வழக்கம். பலகையில் வட்டம் நிரம்பாதவர்கள்கூட அந்த நீட்டிப்பில் நிரம்பி மேலே போயிருக்கிறார்கள். எங்கள் முறை வந்தபோது நீட்டிக்கவில்லை. ஆர்டர் குறைவு என்றார்கள். காலை ஷிப்ட் முடிந்து வெளியே வரும் வழியில் அலுவலகத்துப் பெண் ஒருத்தி பட்டியல் வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அடையாள அட்டையை வாங்கிக்கொண்டாள். முழு வட்டம் உள்ளவர்கள் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. என் பெயர் இருந்தது. அக்கா லைனிலிருந்து ஓடி வந்தாள். நீலச் சட்டைப் பையில் மார்க்கர் செருகியிருந்தது. “எப்பவும் நீட்டுவாவளே, எப்பவும் நீட்டுவாவளே” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். பிறகு என்னிடம் சொன்னாள். பிறகு யாரிடமும் இல்லாமல் சொன்னாள். நான் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, செக்யூரிட்டி பையைச் சோதிக்கும்வரை கையைத் தூக்கி நின்றுவிட்டு வந்துவிட்டேன். அவள் போன் செய்தாள், பல நாள். நான் எடுக்கவில்லை.

அப்பாவிடம் அதை எப்படிச் சொன்னேன் என்பதை எழுதப்போவதில்லை. ஒரகடத்தில் வேறு கம்பெனி கிடைத்தது. அங்கும் அதே பலகை, அதே வட்டம். ஆனால் எனக்கு வெறும் வெள்ளை. டேப் எப்படிப் பிடிப்பது என்று என்னைவிடச் சின்னவள் ஒருத்தி எனக்குச் சொல்லித் தந்தாள். தெரியும் என்று சொல்லாமல் கேட்டுக்கொண்டேன். ஒவ்வொரு காலாக நிரப்பி, மூன்று வருடத்தில் நானே லீடரானேன். இப்போது மார்க்கர் என் பையில் இருக்கிறது. இத்தனைக்கும் பிறகு அக்காவைப் பற்றிய கேள்வி மட்டும் தீரவில்லை. என் மேல் பொறாமையா? என் பட்டப்படிப்பு அவளை உறுத்தியதா? எனக்குத் தெரிந்த ஒரே காரணத்தை அவளுக்கும் மாட்டிவைத்தேன்: நான் மேலே போனால் அவள் இடத்துக்கு ஆபத்து. பதவி ஆசை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் படப்பையில் என் அறையில் துணி ஊறவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பொம்மைப் படம் போனில் கிடைக்குமா என்று ஏதோ தோன்றித் தேடினேன். கிடைத்தது. வரிசையாக, முதல் பாகத்திலிருந்து. நாங்கள் பார்க்காத அந்த ஆரம்பம். அக்கா சொன்ன இடம் எங்கே வருகிறது என்று காத்திருந்தேன். பூமியைப் பிடித்தால் நால்வரையும் நான்கு கிரகத்துக்குப் பிரித்துவிடுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டாம் பாகத்தில் இல்லை. ஐந்தாம் பாகத்திலும் இல்லை. துணைத்தளபதி பொய் அறிக்கை எழுதுவதற்குக் காரணம் முதல் பாகத்திலேயே இருக்கிறது. பூமியில் ஒரு குப்பைமேட்டில் அவனுக்கு ஒரு பஞ்சு மெத்தை கிடைக்கிறது. அவன் கிரகத்தில் எல்லாரும் நின்றுகொண்டேதான் தூங்கவேண்டும். மெத்தையை விட்டுப் போக மனமில்லை, அவ்வளவுதான். பதவியும் இல்லை, பயமும் இல்லை, மணிமங்கலத்துக்காரி சொன்ன காதலும் இல்லை. வெறும் சோம்பேறி.

பிரிந்துவிடுவோம் என்ற அந்தப் பயம் படத்தில் எங்குமே இல்லை. எங்கள் மேசையில் மட்டும்தான் இருந்தது. ஒன்றரை வருடம், தினமும் சாம்பார் சாதத்தோடு அவள் அதை என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் ஆதாரம் கேட்டிருக்கிறேன். துணி ஊறியபடியே கிடந்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. தூணோரம் தனியாகச் சாப்பிட முடியவில்லை என்றால் அதை நேராகச் சொல்லியிருக்கலாமே. “நீ போனா எனக்கு யாருமில்லட்டி” என்று ஒரு வரி. கேட்டிருந்தால் நானே ஒரு மாதம் இருந்திருப்பேனோ என்னவோ. எனக்குச் சொல்லாமல் என் ஆயுளிலிருந்து மூன்று வருடத்தை எடுத்துக்கொள்ள அந்தப் பிரியத்துக்கு யார் உரிமை தந்தது? அவளுடைய எண் என்னிடம் இன்னும் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். கூப்பிடவில்லை. மன்னிக்கிற அளவுக்கு நான் இன்னும் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். என் லைனில் உத்திரமேரூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். கை வேகம், வாய்த் துடுக்கு; பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் நேரம் போவதே தெரியாது. அவளுடைய வட்டம் இரண்டு மாதமாக முக்காலில் நிற்கிறது. லைனுக்கு இப்போது ஆள் பற்றாக்குறை, அதனால்தான் என்று எனக்கே சொல்லிவைத்திருந்தேன். அவள் கேட்டபோது என்ன பதில் சொன்னேன் என்பதும் நினைவிருக்கிறது.

திங்கட்கிழமை போனதும் முதல் வேலையாகப் பலகை முன்னால் நின்று அவளுடைய நான்காவது காலை நிரப்பினேன். மாதக் கடைசி ஆகவில்லை. யாரையும் கேட்கவில்லை. பெரிய மனசு என்று யாரும் நினைக்கவேண்டாம். ஆத்திரத்தில்தான் நிரப்பினேன், கோட்டுக்கு வெளியேகூட மை போய்விட்டது. அவள் வந்து பலகையைப் பார்த்தாள். துள்ளுவாள் என்று நினைத்தேன். முகம் சுருங்கிவிட்டது.

“அப்ப என்னை வேற ஷெட்டுக்கு அனுப்பிடுவாங்களாக்கா?”

“ஆமா. பர்மனென்ட் ஆயிடுவ.”

“நான் இன்னா தப்புப் பண்ணேன்? இவ்ளோ அவசரமா தொரத்துறீங்க?”

எவ்வளவு சொல்லியும் அவளுக்கு ஏறவில்லை. அக்காவைப் பற்றி எங்கிருந்து ஆரம்பிப்பது? லைன் ஓட ஆரம்பித்துவிட்டது. அன்று மதியம் அவள் என் மேசைக்கு வரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வேறு பெண்களோடு போய் உட்கார்ந்தாள். இந்தக் கேன்டீனில் டிவி கிடையாது. எதிரே காலி நாற்காலியைப் பார்த்தபடி தனியாகச் சாப்பிட்டேன். என் கதைக்கு அவளும் பன்னிரண்டு பத்துக்குத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறாள். ஆரம்பம் அவளுக்குத் தெரியாது.