பொகுவாவின் முப்பத்தாறு ஓட்டைகள்

என் தங்கை பொகுவா வென்றவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஆண்கள் மட்டுமே நின்ற மரப்பட்டறையில் ஒரு மேசை. அவள் தொட்டால் மழுங்கிவிடும் என்று அந்த ஆண்கள் சொன்ன உளிகள். ஐந்து வருடக் கேலிக்குப் பிறகும் அசையாத கை. கடைசியாக, அவள் பெயர்.

கானா நாட்டின் குமாசி நகரில் அந்தப் பட்டறைக்கு எதிரேதான் நான் ஆணியும் கீலும் விற்கிறேன். அங்கிருந்து போகும் எல்லாப் பொருளிலும் மாஸ்டர் அம்போன்சாவின் பெயரைத்தான் சூட்டுக்கோலால் பொறிப்பார்கள். சொந்தப் பெயரில் ஒரு பொருளாவது விற்றால்தான் தொழிலாளி. அதுவரை கையாள்.

முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் மேடம் ஃபிரேமா, வீட்டில் படம் பார்க்க, பாட்டுக் கேட்கச் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று வைத்திருந்தார். அதற்கு மரப்பெட்டி வேண்டும் என்றார். ஆண்கள் யாரும் ஏற்கவில்லை. பொகுவா ஏற்றாள். முப்பது சென்டிமீட்டர் நீளம், இருபது அகலம், எட்டு உயரம். நானே அளந்து பார்த்தேன். பின்பக்கம் முப்பத்தாறு ஓட்டைகள். ஹர்மட்டான் காற்று பாலைவனத்திலிருந்து கொண்டுவரும் புழுதியைத் தடுக்க உள்ளே மெல்லிய துணி.

"என்னம்மா, கோழிக்கூடா?" என்றார் மாஸ்டர்.

"கோழிக்கும் மூச்சு வேணும், மாஸ்டர்."

அந்தப் பட்டறையில் வார்னிஷ் அடிக்கும் முன் எந்த ஓட்டையையும் மரத்தூளும் பசையும் வைத்து அடைப்பது வழக்கம். ஓட்டை என்றால் அவர்களுக்குக் குறைதான். பொகுவா வார்னிஷ் வாங்கப் போன நேரத்தில் மாஸ்டர் அதைத்தான் செய்தார். கெட்ட எண்ணமில்லை, பழக்கம். பின்பலகைக்குத் தானே வார்னிஷ் பூசிவிட்டதாகச் சொல்லி, அதைச் சுவர் பார்க்கத் திருப்பி வைத்தார்; மற்ற பக்கங்களுக்கு அவள் பூசினாள். பின்பக்கத்தை அவள் பார்க்கவே இல்லை.

சனிக்கிழமை மேடம் வந்தார். கம்ப்யூட்டரை உள்ளே வைத்து, வெளியே ஒரு திரையில் இணைத்துப் படம் ஓடவிட்டார்கள். பட்டறையே கூடி நின்றது. இருபது நிமிடத்தில் திரை இருண்டது.

"பொம்பளை கைவேலை," என்று யாரோ சிரித்தார்கள்.

பொகுவா பெட்டியைத் தொட்டாள். கொதித்தது. மூடியைக் கழற்றி, பின்பலகையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். ஒரு புள்ளி வெளிச்சமும் வரவில்லை.

"யார் அடைச்சது?"

"நான்தான்," என்றார் மாஸ்டர். "ஓட்டையோட என் பட்டறையிலருந்து ஒண்ணும் போகாது."

"நாற்காலிக்கு அது சரி. இது சூடாகுற சாமான்."

அவள் துளைப்பானை எடுத்தாள். அத்தனை பேர் முன்னால் முப்பத்தாறையும் ஒவ்வொன்றாகத் திறந்து, புதுத் துணி ஒட்டினாள். சூடு ஆறியதும் படம் மறுபடி ஓடியது. முடிவு வரை ஓடியது. யாரும் சிரிக்கவில்லை.

மாஸ்டர் வழக்கம்போல் தன் சூட்டுக்கோலை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"பட்டறை என்னுது, பொகுவா."

"பட்டறை உங்களுது. அடைச்சதும் நீங்க. திறந்தது நான்."

மேடம் ஃபிரேமா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "பழுதானா நான் யாரைத் தேடி வரணும்? அந்தப் பேரைப் போடுங்க."

மாஸ்டர் சூட்டுக்கோலைக் கீழே வைத்தார். பொகுவா என் பக்கம் திரும்பி, "அண்ணே, நாலங்குல ஆணி ஒண்ணு குடு," என்றாள். இருப்பதிலேயே நேரான ஆணியைத் தேடிக் கொடுத்தேன். அவள் அதை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, இடுக்கியில் பிடித்து, பின்பலகையில் தன் பெயரை எழுதினாள்.

அன்று 2019 பிப்ரவரி 9.