குப்பத்துக்கு வைத்த இங்கிலீஷ் பட்டப்பெயர்கள்

எங்கள் மீனவர் குடியிருப்பான குருசுக்குப்பத்தில் பட்டப்பெயர் இல்லாத ஆள் கிடையாது. ஒரே சாமி பெயரை வீட்டுக்கு வீடு வைத்துவிடுகிறார்கள். தெருமுனையில் நின்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் ஒருவருக்கு மூக்கு, இன்னொருவருக்கு நடை, மற்றொருவருக்கு என்றைக்கோ செய்த அசட்டுத்தனம் என்று ஏதாவது ஒன்று பெயராக ஒட்டிக்கொள்ளும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அதையே அடுத்த பட்டப்பெயராக்கிவிடுவார்கள்.

காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு, வெளிநாட்டில் மேலே படிப்பதற்கான தேர்வுக்கு நான் தயாரானபோது இந்த வழக்கம்தான் கைகொடுத்தது. இங்கிலீஷ்காரர்களே ஆயுசுக்கும் பேசாத வார்த்தைகளையெல்லாம் அந்தத் தேர்வுக்கு அர்த்தத்தோடு தெரிந்துவைத்திருக்க வேண்டும். காலையில் செல்போனில் படித்தது மத்தியானச் சோற்றோடு இறங்கிப் போய்விடும். எனக்கு அழுகையாக வந்தது. அப்படியிருக்க ஒருநாள் 'கேருலஸ்' என்று ஒரு வார்த்தை வந்தது. ஓயாமல் வளவளவென்று பேசுகிறவர் என்று அர்த்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாசலில் பெரியப்பா போனில் பேசிக்கொண்டிருந்தார். எதிர்முனைக்காரர் வைத்துவிட்டுப் போய் வெகுநேரம் ஆகியிருந்தது என்பது பிறகு தெரிந்தது. அந்த வார்த்தை எனக்கு இன்றுவரை மறக்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு சொந்தக்காரரையும் விடவில்லை. வந்தவர்களுக்கு அரை கிளாஸ் டீ கொடுக்கும் அத்தை 'பார்சிமோனியஸ்', கஞ்சம் பிடித்தவர் என்று அர்த்தம். ஐஸ் பெட்டி மேலேயே தூங்கிவிடும் சித்தப்பா 'லெத்தார்ஜிக்'. கடலில் யாரோடு பேசுவது என்று பழகிப்போய், கரையிலும் வாயைத் திறக்காத அப்பா 'டேசிடர்ன்'.

அம்மாவுக்கு இந்த விளையாட்டு ரொம்பப் பிடித்துவிட்டது. அவள் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். அவள் காதில் விழுந்தது ஊரில் எல்லார் காதிலும் விழுந்த மாதிரி. கொஞ்ச நாளில் மீன் ஏலம் நடக்கிற இடத்திலேயே "யோவ் கேருலஸு" என்று பெரியப்பாவைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவரோ அதை ஏதோ பெரிய பதவி என்று எண்ணி மீசையைத் தடவிக்கொண்டார். எப்படி வந்தது அந்தப் பெயர் என்று கேட்டவர்களை அவ்வளவு சீக்கிரம் விடவும் இல்லை.

தனக்கு என்ன பெயர் என்று அம்மா கேட்டபோதுதான் மாட்டிக்கொண்டேன். இன்னும் யோசிக்கவில்லை என்று மழுப்பினேன். உண்மையில் அவளுக்குத்தான் மிகப் பொருத்தமான வார்த்தை கிடைத்திருந்தது. 'ஆப்டுரேட்'. எவ்வளவு கெஞ்சினாலும் இளகாத மனசு. வெளிநாட்டுக்குப் போகிறேன் என்று நான் மாதக்கணக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவள் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. பேச்சை எடுத்தாலே மீன் வெயிலில் கிடக்கிறது என்று எழுந்து போய்விடுவாள். அப்பாவைக் கேட்டால் அம்மா பக்கம் கையைக் காட்டுவார். நல்ல மார்க் வாங்குவது என் கையில் இருந்தது. அம்மாவின் சம்மதம் என் கையில் இல்லை.

ஒரு மத்தியானம் சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே, தலை நிமிராமல் அம்மா சொன்னாள்.

"இளகாத மனசாமே எனக்கு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெளியே போகாது என்று நம்பி அப்பா ஒருவரிடம்தான் அதைச் சொல்லியிருந்தேன். வருஷத்துக்கு ஒருமுறை வாயைத் திறக்கும் மனுஷன் அதை இதற்காகத் திறந்திருக்கிறார். இப்போது மூலையில் உட்கார்ந்து, இல்லாத கிழிசலைத் தேடி வலையைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் கத்தவில்லை. "இப்ப நான் இளகிட்டா உனக்கு அந்த வார்த்த மறந்துடும். மொதல்ல பரீட்சைய முடி" என்றாள்.

கேலியா நிஜமா என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து அம்மாவின் முகம் இன்னும் கடுகடுவென்று ஆனது. சோறு போடும்போதும் முறைப்பு, விளக்கேற்றும்போதும் முறைப்பு. தேர்வு எழுத நான் சென்னை பஸ் ஏறிய அன்று, திருநீறு பூசிவிட்டதைக்கூட முறைத்துக்கொண்டேதான் செய்தாள்.

மார்க் அங்கேயே கம்ப்யூட்டரில் தெரிந்துவிட்டது. நன்றாகவே வந்திருந்தது. திரும்பி வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். மார்க்கைப் பற்றிக் கேட்கவில்லை.

"வந்துச்சா?"

எது என்று கேட்டேன்.

"என் வார்த்த."

"வரலம்மா."



"அப்ப இத்தினி நாளா சும்மாவா மூஞ்சிய வெறைப்பா வச்சிக்கினு இருந்தேன்?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் போகிற ஊரில் மீன் கிடைக்குமா என்று கேட்டாள்.