ஒன்றரைக் குப்பி

மருத்துவமனையில் மருந்து கலக்கும் அறையில் அவளுக்குக் கருமி என்று பெயர். எச்சில் கையால் காக்கை ஓட்டமாட்டாள் என்று கூட வேலை செய்பவர்கள் அவள் காதில் விழும்படியே சொல்வார்கள். பொய்யும் இல்லை. வந்த கடித உறையைப் பிரித்து, உள்பக்கத்தில் குறிப்பு எழுதுவாள். வீட்டில் பற்பசைக் குழாயைக் கத்தரித்து வழித்தெடுப்பாள். அவள் கணவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்; "இவ சிரிக்கிறதையே மாசக் கடைசிக்குன்னு எடுத்து வெப்பா" என்பார். ஆனால் இருபத்தாறு வருஷத்தில் அவள் கலந்த ஒரு ஊசியில்கூட ஒரு துளி கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

ஆறு குழந்தைகளுக்கு அவள் மாதந்தோறும் ஒரு மருந்து கலந்தாள். தசை நாளுக்கு நாள் தளர்ந்துபோகும் நோய். மருந்து ஏறினால் நடப்பார்கள், மருந்து நின்றால் ஒரு வருஷத்துக்குள் சக்கர நாற்காலி. ஒரு குழந்தைக்கு ஒன்றரைக் குப்பி போதும். ஆனால் திறந்த குப்பி ஒரு நோயாளிக்கு மட்டும்தான், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும் என்பது மருத்துவமனை விதி. மாதம் ஆறு அரைக் குப்பி சாக்கடைக்குப் போகும். தங்கத்தைவிட விலை கூடிய சரக்கு அது. கருமிக்கு வயிறு எரிந்தது.

அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆறு பேரையும் ஒரே செவ்வாய்க்கிழமை காலைக்கு வரவழைத்தாள். இரண்டு குழந்தைகளுக்கு மூன்று குப்பி. சுத்தக் காற்றுப் பெட்டிக்குள் கையுறைமேல் கையுறை போட்டுக்கொண்டு, திறந்த குப்பி கெடுவதற்குள் இருபது நிமிஷத்தில் இரண்டு ஊசியையும் முடித்துவிடுவாள். பன்னிரண்டு குப்பி ஆகவேண்டிய இடத்தில் ஒன்பதே ஆயிற்று. மீதி மூன்றும் திறக்காமல் குளிர்பெட்டியின் அடித்தட்டில் சேர்ந்தன. பதிவேட்டில் மட்டும் ஒவ்வொரு பெயருக்கும் நேராக, "இரண்டு குப்பி திறக்கப்பட்டது, மிச்சம் கொட்டப்பட்டது" என்று விதிப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு வருஷம் அப்படி ஓடியது. பிறகு மூன்று மாதம் மருந்து வரத்து நின்றுபோனது. அந்த மூன்று மாதமும் ஆறு குழந்தைகளுக்கும் ஒரு தவணை தவறாமல் மருந்து ஏறியது. பழைய இருப்பு என்று மேலாளர் நினைத்துக்கொண்டார். எப்படி என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வரத்து திரும்பிய வாரமே, அந்த மருந்துக்கு அரசு இனியும் செலவழிக்கலாமா என்று முடிவு செய்யும் குழு கூடியது. குளிர்பெட்டி பற்றி ஏதாவது கேட்டால் பதில் சொல்ல, மேலாளர் அவளையும் அழைத்துப்போய்ப் பின்வரிசையில் உட்காரவைத்தார். வெளியே நடைபாதையில் தாய்மார்கள் காத்திருந்தார்கள்.

கணக்குப் போட்ட இளம்பெண் எழுந்தாள். குரலில் ஈவு இரக்கம் தெரியவில்லை, கண்ணில் இருந்தது. "எந்த மருந்தா இருந்தாலும் கேள்வி ஒண்ணுதான். ஒரு மனுஷனுக்கு நல்லா வாழுற ஒரு வருஷத்தக் கூட்டிக் குடுக்க எவ்வளவு ஆகுது? நம்மகிட்ட இருக்கிறது ஒரே பை. இதுக்கு அள்ளிக் குடுத்தா வேற யாருக்கோ இல்லாம போகும். அதுக்காகத்தான் ஒரு கோடு. அந்தக் கோட்ட நூறுன்னு வெச்சுக்கிட்டா, இந்த மருந்து நூத்தியிருபதுல நிக்குது."

"குறைக்க வழியே இல்லையா?" என்றார் தலைவர்.

"பாத்துட்டேன் சார். மருந்துல கால்வாசி வீணாப் போகுது. மருத்துவமனைப் பதிவேட்டுலயே இருக்கு. ஒரு மாசம்கூட மாறல."

அது கருமியின் பதிவேடு. அவள் கையெழுத்து. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். ஆனால் இங்கே மண் விழுந்தது ஆறு குழந்தைகள் தலையில். கொட்டாத மருந்தைக் கொட்டியதாக அவள் எழுதிய வரிகள்தான் மருந்தைக் கோட்டுக்கு மேலே தூக்கி நிறுத்தியிருந்தன.

பத்து நிமிஷ இடைவேளைக்குப் பிறகு முடிவு என்றார் தலைவர். அவள் மாடிப்படியருகே போய்க் கணவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினாள். ஓய்வூதியத்துக்கு இன்னும் நாலு வருஷம் இருந்தது. பொய்ப் பதிவு வெளியே வந்தால் வேலை போகும், உரிமமும் போகலாம்.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "எல்லாத்துலயும் மிச்சம் புடிச்ச, சரி. வாயத் தொறக்கறதுலயுமா?" என்றார். "போய்ச் சொல்லு. கஞ்சியோ கூழோ, பாத்துக்கலாம்."

அவள் திரும்பிப்போய்க் கை தூக்கினாள். நின்றபடியே சொல்லிமுடித்தாள். மேலாளர் முகம் வெளுத்தது. "நுணலும் தன் வாயால் கெடும்மா, உக்காருங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "பதிவேட்டுல இருக்கிறது உங்க கையெழுத்து. இப்ப பேசறதும் நீங்கதான். நாங்க எத நம்பறது?"

"என்ன நம்ப வேணாம் சார். குளிர்பெட்டி அடித்தட்டுல ஒம்போது குப்பி இருக்கணும். வரத்து நின்ன மூணு மாசத்துக்குப் போக மிஞ்சினது. எண்ணிப் பாக்கச் சொல்லுங்க."

போன் போனது. பதில் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. யாராவது தட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று எடுத்து வீசியிருந்தால்? வேறு வார்டுக்கு மாற்றியிருந்தால்? அவள் வேண்டாத தெய்வம் இல்லை. கணக்குப் பெண் அவளைப் பார்க்காமல், மருத்துவமனைக்கு வந்த குப்பிகளின் பட்டியலை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

போன் ஒலித்தது. ஒன்பது இருந்தது.

கணக்குப் பெண் விசைகளைத் தட்டிவிட்டு, "தொண்ணூறு சார்" என்றாள்.

ஆறு பேருக்கும் ஒரே நாளில் மருந்து, இரண்டு பேருக்கு மூன்று குப்பி, சுத்தக் காற்றுப் பெட்டிக்குள் வைத்துக் கலப்பது, எல்லாவற்றையும் எழுதி விதியாக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மருந்து தொடரும் என்று முடிவானது. அடுத்த நிமிஷமே மேலாளர் கை நீட்டினார். விசாரணை முடியும்வரை அவள் வேலைக்கு வரக்கூடாது. அவள் சாவியைக் கொடுத்தாள். மருந்து நின்றுபோகவில்லை, அது போதும் என்று நினைத்தாள்.

நடைபாதைக்குச் செய்தி அவளுக்கு முன்னாலேயே போய்விட்டது. ஆறு பேரில் சின்னவளின் அம்மா மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே வந்தாள். கும்பிடப்போகிறாள் என்று கருமி பதறிப்போய், "அதெல்லாம் வேணாம்மா" என்று வாயெடுத்தாள்.

"அக்கா, எம்பொண்ணுக்கு வேற புள்ளைக்குத் தொறந்த மிச்சத்தயா ஏத்துனீங்க?"

"சுத்தமாத்தான்மா கலந்தேன். இருபது நிமிஷத்துக்குள்ள…"

"நீங்க சுத்தம்தான். மருந்து கெடைச்சதும் உங்களாலதான், ஒத்துக்கறேன். நான் ஒவ்வொரு மாசமும் அந்தக் கண்ணாடிக்கு வெளியிலதான நின்னேன்? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

ஒரு வருஷமாக அவள் பயந்தது மேலாளருக்கு, விதிக்கு, விசாரணைக்கு. இந்தப் பெண்ணிடம் கேட்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

"சொல்லியிருக்கணும்மா. தப்புதான்" என்றாள். முக்கால் மணி நேரம் அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.