சினை ஊசி கோகிலவாணி

டீ ஆறுவதற்குள் இடது கை நகங்களை ஒட்ட வெட்டி, விரல் நுனிகளைக் கன்னத்தில் தேய்த்துப் பார்க்கிறாள் கோகிலவாணி. எங்காவது உரசினால் இன்னொரு வெட்டு. வலது கை நகங்களைக் கண்டுகொள்வதில்லை. அந்தக் கைக்கு வளையல்கூட உண்டு. இடது கை, மாட்டின் உடம்புக்குள் தோள்வரை போகிற கை.

சின்னசேலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது அவள் தொழில். பதினோரு வருஷமாகிறது. ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் ஓர் அலுமினியக் கேன். திறந்தால் பனிப்புகை வழியும். உள்ளே மெல்லிய குழாய்களில் காளை விந்து உறைந்து கிடக்கிறது. கூடவே தொங்கும் பிளாஸ்கில் இருப்பது டீ இல்லை. அந்தக் குழாயை இளக்குகிற வெதுவெதுப்பான தண்ணீர்.

ஆரம்பத்தில் ஆண்கள் விஷயத்தைச் சொல்லவே கூசினார்கள். "மாடு ஒரு மாதிரியா இருக்குதும்மா" என்று வேலியைப் பார்த்துச் சொல்வார்கள். "பொம்பளைக்கு இன்னாம்மா இந்த வேல?" என்றார் ஒரு பெரியவர். "மாடும் பொம்பளதானுங்க" என்றாள், கையுறையை மாட்டிக்கொண்டே. டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவன் "காள வருதுடா" என்று சத்தம் கொடுத்தபோது வண்டியை நிறுத்தினாள். "ஆமாம்பா, இந்தக் கேன்ல நாப்பது காள இருக்குது. ஒன்னுக்கும் உன்னாட்டம் வாய் இல்ல."

இப்போது போன் ஓய்வதில்லை. "மாடு காலைல கத்துனா சாயந்தரம் வரேன், சாயந்தரம் கத்துனா காலைல வரேன். நடுவுல நீங்க கத்திக்கினு இருக்காதீங்க."

புதன்கிழமைகளில் வெள்ளிமலை. கேனைக் கால்களுக்கிடையே இறுக்கிக்கொண்டு மலைப்பாதையின் வளைவுகளில் ஏறுவாள். மேலே இருப்பவை சின்னச் சின்ன நாட்டு மாடுகள். ஜெர்சி ஊசி போட்டால் பால் ஜாஸ்தி கிடைக்குமே என்று கெஞ்சினாலும் மசிய மாட்டாள். "கன்னு பெருசாயிடும். ஈன முடியாம தாய் பூடும். அப்புறம் அந்தப் பால யாரு கறக்கறது?" தெருவில் துள்ளுகிற கன்றுகளைப் பார்த்தால் மட்டும் வண்டி தானாக மெதுவாகும். "அந்தச் செவலை நம்மளுது."

போன வாரம் செவ்வந்தி கூப்பிட்டாள். கூலி வேலைக்குப் போகிறவள். வீட்டுக்கு ஒரே மாடு. இரண்டு ஊசி தங்கவில்லை. மூன்றாவது போட்டு மூன்று மாதம். "அக்கா, அடிமாட்டு வண்டி வந்துடுச்சிக்கா. இவரு கேக்க மாட்டேங்கறாரு."

கோகிலவாணி போனபோது மினி லாரியின் பின்பலகையை இறக்கியிருந்தார்கள். செவ்வந்தியின் கணவன் பிச்சைமுத்து மாட்டின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"பாலும் நின்னு பூடுச்சி. எத்தினி நாளைக்கு சும்மா தீனி போடறது? நீ வந்து இன்னா ஜோசியமா சொல்லப்போற?"

"ஜோசியம் வாயால சொல்றது. நான் கையால பாக்கறேன். கட்டு மாட்ட."

"சீக்கிரம் பாரும்மா, இன்னும் ரெண்டு ஊர்ல ஏத்தணும்" என்றான் வியாபாரி.

அவள் அவசரப்படவில்லை. கையுறைமேல் சோப்பைக் குழைத்துத் தடவினாள். செவ்வந்தி மாட்டின் முகத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். காலியாக இருந்தால் அதையும் கோகிலவாணிதான் சொல்ல வேண்டும். தான் போட்ட ஊசி தோற்றதென்று, இத்தனை பேருக்கு முன்னால். பொய் சொல்லி ஒரு மாட்டைக் காப்பாற்றினால் அப்புறம் இந்த ஊரில் எந்த மாடும் அவளுக்கு வாலைத் தூக்காது.

வலது கையால் வாலை ஒதுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். இடது கை முழங்கையைத் தாண்டி உள்ளே போயிற்று. கருப்பையின் ஒரு பக்கம் ஒன்றுமில்லை. "இன்னாம்மா?" என்றான் பிச்சைமுத்து. இன்னும் உள்ளே, இன்னும் கீழே, மறுபக்கம் நீர் கட்டிய பலூன்போல ஒரு கனம். லேசாக அழுத்தினாள். உள்ளே மிதந்த ஏதோ ஒன்று விரல் நுனியில் தட்டிவிட்டு விலகியது.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. தோள்வரை மாட்டுக்குள் நின்றபடியே வாலை விட்டுவிட்டு, வலது கையைப் பின்னால் நீட்டி, மினி லாரியைப் போகச் சொல்லி ஆட்டினாள்.