இசக்கியின் மீன்தொட்டி மோட்டார்

நேற்றுக் காலை மகள் வந்து, "அப்பா, மீன்தொட்டி கத்துது" என்றாள். கையில் காபியோடு போய்க் காது கொடுத்தேன். தொட்டியில்லை, மோட்டார்தான். கர்ர்ர் என்று ஆரம்பித்து, நடுவில் கொஞ்சம் மூச்சு வாங்கி, மறுபடியும் கர்ர்ர். பேரிங் தேய்ந்துவிட்டது என்று கழற்றாமலே தெரிந்தது. "புதுசு ஆர்டர் போட்டுடலாம்ப்பா" என்று அவள் செல்போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். காபி ஆறிப்போனது. அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு இசக்கி ஞாபகம் வந்துவிடும்.

சென்னைக்குப் பக்கத்தில், ஒரகடத்தில் கம்பெனிகள் மளமளவென்று முளைத்த காலம். தெற்கேயிருந்து பையும் சர்ட்டிபிகேட்டுமாக வந்து இறங்கிய பையன்களில் நானும் ஒருவன். ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. இசக்கி தென்காசிப் பக்கத்துக்காரன். பக்கத்துக் கம்பெனியில் பிரஸ் ஷாப். தகட்டை உள்ளே வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால் மேலிருந்து டமார் என்று அச்சு இறங்கும். கார் கதவின் ஏதோ ஒரு துண்டு வந்து விழும். மறுபடி தகடு, மறுபடி பட்டன், மறுபடி டமார். ஷிப்ட் முழுக்க இதேதான்.

சேரப்பணஞ்சேரியில் இருவருக்கும் ஒரே அறை. அறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒருவன் சட்டை மாற்றினால் இன்னொருவன் வாசலில் நிற்க வேண்டும். அதற்குள் இசக்கி ஒரு மீன்தொட்டியும் வைத்திருந்தான். நாலைந்து மோலி மீன்கள். அவற்றுக்குத் தண்ணீர் சுற்ற, படப்பை காயலான் கடையில் ஒரு பெரிய பம்பைப் பிடித்து வந்திருந்தான். ஏதோ ஓட்டலில் ஓடி ஓய்ந்த மோட்டார். அது போட்ட சத்தத்தில் நான் தலையணையைக் காதில் பொத்திக்கொண்டு புரள்வேன். அவன் குழந்தை மாதிரித் தூங்குவான். "டேய், அத நிப்பாட்டுடா" என்றால், "ஏம்ல? நல்லாத்தான ஓடுது" என்பான். அழுத்தக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் வீட்டுக்கார அம்மாவே மாடியேறி வந்துவிட்டார். "இன்னாபா இது, மாவு மிசினாட்டம் கத்திகினே கீது? கீழ மன்ஷன் தூங்க வாணாமா? இத்த சரி பண்ணு, இல்லாங்காட்டி ரூமைக் காலி பண்ணு."

அந்த ஞாயிற்றுக்கிழமை மோட்டாரைப் பிரித்தேன். பழைய பேரிங்கை விரலில் மாட்டிச் சுழற்றினால், மணலை அரைப்பது போல நறநறத்தது. ஸ்ரீபெரும்புதூர் போய்ப் புதிது வாங்கிவந்து, அவசரத்தில் உள்வளையத்தைத் தட்டி ஏற்றாமல் வெளிவளையத்தைத் தட்டி, புதிதையும் கெடுத்தேன். மெயின்டனன்ஸ்காரன் என்று வெளியே சொல்லிக்கொள்ளவே கூடாது. மறுபடி ஒரு ஜோடி வாங்கினேன். சூடு காட்டினால் வழுக்கிக்கொண்டு ஏறும் என்று டீக்கடை பாய்லர் மூடிமேல் வைத்தேன். "இன்னா நைனா, டீக்குத் தொட்டுக்கவா?" என்றார் டீ மாஸ்டர். பால் ஏடும் பேரிங் கிரீசும் கலந்த அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

மாட்டி, சுவிட்சைப் போட்டேன். சத்தமே இல்லை. தண்ணீர் சலசலப்பது மட்டும் கேட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இசக்கி என் முகத்தையே பார்த்தான்.

"சரியாயிட்டுதால?"

"கேக்கலயாடா? சத்தம் சுத்தமா நின்னுருச்சு!"

அவன் மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். "ஆமா, அதிரல" என்றான். பிறகு மெதுவாக, "முந்தி எப்படில கத்தும்?" என்றான்.

நான் சிரித்துக்கொண்டே "கர்ர்ர்" என்று வாயால் செய்து காட்டினேன். பாதியிலேயே என் சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்கிறீர்களா? பிரஸ் ஷாப்பில் யாரும் பேச மாட்டார்கள், பேசினால் கேட்காது. சாப்பிட்டாயா என்றால் கை வாய்க்குப் போகும். சரி என்றால் கட்டைவிரல். அறையிலும் அவனுக்கு அதே பழக்கம். நானும் அதே பாஷையில் பதில் சொல்லிப் பழகியிருந்தேன். வாய்விட்டுப் பேசினாலும் என் வாயசைவைப் பார்த்தே பதில் சொல்லியிருக்கிறான். காதில் வைக்கும் பஞ்சடைப்பான்கள் ஆடிட் என்று சோதனைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் விநியோகமாகும். சாயங்காலம் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

"யார்ட்டயும் சொல்லாத" என்றான். அந்த வாரம் அவனுக்கு மெடிக்கல் இருந்தது. தேறினால் காண்ட்ராக்டின் சாம்பல் சட்டை போய், பெர்மனென்ட்டின் நீலச் சட்டை வரும். அதற்காகத்தான் ஒரு லீவு போடாமல் உழைத்தான். நீலச் சட்டை வந்ததும் விலை கூடின அரோவானா மீன் வாங்குவதாகத் திட்டம்.

மெடிக்கலுக்குப் போய்வந்தவன் சட்டையைக்கூட மாற்றாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்தான். கண்ணாடிக் கூண்டில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்களாம். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும்.

"எப்பம் அமுக்கணும்னு தெரியலல. பிரஸ்ஸு ஓடுத கணக்குல அமுக்கிட்டேன்" என்றான்.

தகடு வைக்கும் நேரம் விட்டு, ஒரு அமுக்கு. மறுபடி தகடு வைக்கும் நேரம், மறுபடி ஒரு அமுக்கு. உள்ளே சத்தம் வந்ததோ இல்லையோ, கை பிசகவே இல்லையாம். எனக்கு அழுகைதான் வந்தது.

காது சரியில்லை, அடுத்த வாரத்திலிருந்து வரவேண்டாம் என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டான். காதை எடுத்துக்கொண்டதும் அவர்கள்தான், காது இல்லை என்று விரட்டியதும் அவர்கள்தான். யாரிடம் போய் நியாயம் கேட்பது? சாம்பல் சட்டைக்காரனை அங்கே யாரென்று கேட்க ஆளில்லை. விஷயம் தெரிந்து வீட்டுக்கார அம்மா மேலே வந்து, "சத்தம் போட்டா போட்டுனு போவுது, நீ இர்றா கண்ணு" என்றார். அவர் வாயசைவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இசக்கி கட்டைவிரலைக் காட்டினான். மறுநாள் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டான்.

மோலிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. அந்தப் பிரஸ் ஷாப்பும் இன்று இல்லை; யாரோ குடோனாக்கிவிட்டார்கள். அறை இருந்த வீட்டை இடித்து ஹாஸ்டல் கட்டியிருக்கிறார்கள். நான் குன்றத்தூரில் பிளாட் வாங்கி, மீன் வளர்க்கிறேன்.

ரொம்ப நாள் அவன் நம்பருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். முழு ரிங்கும் போகும், எடுக்க மாட்டான். பக்கத்திலேயே போன் கிடந்து, கேட்காமல் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். அதுவே ஒரு தைரியம். நேற்று மீன்தொட்டி மோட்டாரை அணைத்துவிட்டு மறுபடி அவனுக்குப் போன் போட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லையாம்.