பிக்அப்பில் பேசிய நர்ஸ்

நேற்றுக் காலை என் பிக்அப் வண்டிக்குள் ஒரு நர்ஸ் பேசினார். என்னிடம் அல்ல... என் மனைவி தேவியிடம். பேசியது முப்பது விநாடிகூட இருக்காது. அந்த முப்பது விநாடியிலிருந்து நான் இன்னும் வெளியே வரவில்லை.

நீங்கள் பதறாதீர்கள். பதறுவது என் டிப்பார்ட்மெண்ட் — இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது தெரியும். முதலில் ஸ்பீக்கர் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எழுத்தை நம்பி அடுப்பு எரியாது. எங்களுக்குப் பிழைப்பு வாழையிலை. விடிந்ததும் பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டங்களில் இலை ஏற்றிக்கொண்டு, சுங்கைப்பட்டாணியில் பன்னிரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்குப் போட வேண்டும். நான் ஓட்டுவேன். தேவி பக்கத்தில் உட்கார்ந்து வருவாள், கடைக்குக் கடை இறங்கி இலைக்கட்டைக் கொடுப்பாள்.

வண்டியில் இருந்த ரேடியோ செத்து இரண்டு வருடம். அதற்கு முன்பும் ஒரே ஒரு ஸ்பீக்கர்தான், அதுவும் இருமிக்கொண்டே பாடும். "ரெண்டு பேரும் ஊமை மாதிரி போறோம். ஒரு பாட்டாவது கேக்கலாம்ல?" என்று ஒரு நாள் தேவி சொன்னாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது குறைவு. சரி, செய்துவிடலாம் என்று கிளம்பினேன். கையில் இருந்த பணம் ஐந்நூறு வெள்ளி.

சுங்கைப்பட்டாணியில் வண்டிக்கு சவுண்ட் வைக்கும் கடை சரவணனுடையது. என் பட்ஜெட்டைக் கேட்டு அவன் சிரிக்கவில்லை. அதற்கே அவனுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும்.

"அண்ணே, பெருசா ஆசப்படாதீங்க லா. புளூடூத் பிளேயர் ஒண்ணு, ரெண்டு கதவுக்கும் ஸ்பீக்கர், சீட்டுக்கு அடியில செகண்ட் ஹேண்ட் வூஃபர். வயர் மட்டும் மலிவா போடக் கூடாது. அதான் முக்கியம்."

வயர் என்றானா... பிடித்துக்கொண்டது எனக்கு. மலிவு வயர் போட்டால் என்ன ஆகும்? சூடாகும். சூடானால்? வண்டியின் பின்னால் காய்ந்த வாழைச் சருகு! நல்ல வயரே போடச் சொன்னேன். பிறகும் மனம் அடங்கவில்லை. பேட்டரி இறங்கிவிடுமோ? பிளேயருக்காக எவனாவது கண்ணாடியை உடைப்பானோ? சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் குனிந்து பியூஸ் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன்.

"தேவி, வயர் கருகுற வாசம் வருதா?"

"வரல. எல வாசம்தான் வருது."

பிளேயரில் யார் போனை இணைப்பது என்று ஒரு கேள்வி வந்தது. என் போன் வேண்டாம் என்றேன். கோயில் கமிட்டியில் நான் செயலாளர். திருவிழா நெருங்குகிறது — கமிட்டிக்காரர்கள் போனில் போடும் சண்டை வூஃபரில் வேறு கேட்க வேண்டுமா? தேவியின் போனை வாங்கி இணைத்தேன். யாராவது அழைத்தால் பிளேயர் தானாகவே எடுத்துவிடும்படி சரவணன் வைத்துக் கொடுத்தான்.

"என் போன் வேணாமே..." என்றாள் தேவி.

"ஒனக்கு யாரு போன் பண்ணப் போறா?" என்று கேட்டேன். கேட்டேனே!

இப்போது நினைத்துப் பார்த்தால் எல்லாம் கண்முன்னால்தான் நடந்திருக்கிறது. ஒரு புதன்கிழமை, கூலிமில் இருக்கும் தன் அக்காவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தனியாகப் போனாள். அதற்குப் பிறகு இடது கையால் இலைக்கட்டைத் தூக்கவில்லை. என்னவென்று கேட்டேன். தோள்பட்டை வலி என்றாள். தைலம் தேய்க்கச் சொல்லிவிட்டு பியூஸைப் பார்க்கப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை, முதல் கடைக்குப் போகும் வழியில், "ஏங்க, ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"இரு இரு... இந்த எடத்தக் கேளு. கரகரன்னு வருதா?"

கதவு ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்தாள். "வரல" என்றாள்.

நேற்று பாட்டு சட்டென்று நின்றது. பியூஸ் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். "ஹலோ, புவான் தேவி கா?" — தேவி அம்மாதானா என்று கேட்கும் ஒரு பெண் குரல், இரண்டு கதவிலிருந்தும். தேவி பாய்ந்து போனைத் தேடினாள். அது இலைக்கட்டுக் கணக்கு எழுதும் நோட்டுக்கு அடியில் கிடந்தது. அவள் எடுப்பதற்குள் நர்ஸ் மலாயில் சொல்லி முடித்துவிட்டார். இடது மார்பில் ஊசி குத்திச் சதை எடுத்துச் செய்த பரிசோதனையின் ரிசல்ட் வந்துவிட்டதாம். போனில் சொல்ல முடியாதாம். வியாழக்கிழமை காலை டாக்டரைப் பார்க்க வேண்டுமாம்.

"பாவா சுவாமி செகாலி யா, புவான்."

கணவரையும் அழைத்து வரச் சொல்கிறார். கணவர் அங்கேதான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சரவணன் வேலையில் குறை சொல்ல முடியாது. ஒரு சொல்கூட கரகரக்கவில்லை.

செம்பனைக் காட்டு ஓரமாக வண்டியை நிறுத்தினேன்.

"எத்தன நாளா?"

"மூணு வாரம். குளிக்கிறப்போ கைக்குத் தட்டுப்பட்டுச்சு. அக்காதான் கூட்டிட்டுப் போச்சு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லி? ஒரு வயருக்கே நீங்க ரெண்டு நாள் சரியா சாப்புடல. இதச் சொன்னா என்ன ஆவீங்க? நான் என்னப் பாத்துக்கறதா, ஒங்களப் பாத்துக்கறதா?"

கவலைப்படுவதைப் பாசம் என்றே இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் பதறுவது நான்தானே! ஆனால் அப்படிப் பதறிப் பதறியே, என் மனைவி தன் பயத்தை அக்காவிடம் கொண்டுபோய்ச் சொல்லும்படி ஆக்கிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

நேற்றும் பன்னிரண்டு கடைக்கும் இலை போய்ச் சேர்ந்தது. கட்டுகளை நான் இறங்கிக் கொடுத்தேன். ஒரு கடையில் இரண்டு முறை கொடுத்துவிட்டேன் என்று பிறகு தெரிந்தது.

இதை எழுதுவது புதன்கிழமை. நீங்கள் படிக்கும் ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் என்ன சொன்னார் என்பது எங்களுக்குத் தெரிந்திருக்கும். இப்போது தெரியாது. பயமாக இருக்கிறது — பியூஸுக்காகப் பயந்ததெல்லாம் பயமே இல்லை என்று இப்போது புரிகிறது.

சற்று முன் தேவி வந்து, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறப்ப பாட்டு போடுங்க. நல்லா சத்தமா" என்றாள்.

"இப்பப் போயி பாட்டா?"

"வழி நெடுக நீங்க பெருமூச்சு விடுவீங்க. அது எனக்குக் கேக்கக் கூடாது."

சரவணனுக்குப் போன் போட்டு, சத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்ற வழி உண்டா என்று கேட்டிருக்கிறேன்.