நாலாம் நம்பர் குடுவையில் கிளிஞ்சல் போட்டேன்

1. போட்டது

"ஏனுங்க்கா, நாலாம் நம்பர் குடுவைல பிஹெச் எகிறி, அமிலம் எறங்கிக் கெடக்குது. என்னத்தப் போட்டீங்க?"

பேராசிரியர் மேடம் கேட்டாங்க. லேபில் இருந்ததே நாங்க ரெண்டு பேர்தான்.

புதுச்சத்திரம் பக்கம் ஒரு காலேஜில் லேப் அசிஸ்டன்ட்டாக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். கடலே இல்லாத ஊரில் கடல்தண்ணி கலக்குறது என் வேலை. குடுவைக்குள் கண்ணுக்குத் தெரியாத கடல்பாசி. ஒத்தை செல்தான், மேலே சுண்ணாம்பு ஓடு. ஊருலகத்துப் புகையெல்லாம் கரைஞ்சு கடலில் அமிலம் ஏறுதே, அந்தத் தண்ணியில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தால் இதுங்க ஜீன் மாறுமா? அதைப் பார்க்கத்தான் ஆறு குடுவையில் கார்பன் டை ஆக்சைடு விட்டோம். அஞ்சு நாளைக்கு ஒருதரம் ஒரு சொட்டு எடுத்துப் புதுத் தண்ணிக்கு மாத்தணும். பதினொரு மாசம் ஒருதரம்கூடத் தவறலை.

முந்தின நாள் மாத்திட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். நாலாம் நம்பருக்கு ஓடு மெலிஞ்சு கிடந்தது. ஐயோ பாவமே! எங்க வீட்டில் கோழிப்பண்ணை. முட்டை ஓடு மெலிஞ்சா தீவனத்தில் கிளிஞ்சல் தூள் கலப்போம். என் கை சும்மா இருக்குமா? மாத்தின புதுக் குடுவையில் ஒரு சிட்டிகை போட்டுட்டேன்.

அழுதுகிட்டே ஒத்துக்கிட்டேன். மேடம் தலையில் கை வச்சு உட்கார்ந்துட்டாங்க.

"அதுவா மாறுதான்னு பாக்கத்தானுங்க்கா வச்சிருக்கோம்! நீங்க அமிலத்தையே முறிச்சுட்டீங்க. பதினொரு மாசம் போச்சே!"

2. கழுவாதது

சட்டுனு ஞாபகம் வந்துச்சு. முந்தின நாள் மாத்தினதும் பழைய குடுவைகளைக் கழுவணும். நான் கழுவலை. மேஜையடியில் குனிஞ்சு பார்த்தேன். பஞ்சடைப்போட அப்படியே இருந்துச்சு, கிளிஞ்சல் படாத பழைய நாலாம் நம்பர்.

"மேடம், நான் சோம்பேறிங்க!"னு கத்தினேன்.

"நல்லா இருங்க சாமி!"னு மேடம் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்து மறுபடி ஆரம்பிச்சோம்.

3. எண்ணினது

மேலும் பல மாசம் கழிச்சுப் போட்டி வச்சோம். ஒரே அமிலத் தண்ணியில் எங்க பாசி ஒரு பக்கம், அமிலமே பார்க்காத பாசி இன்னொரு பக்கம். மைக்ராஸ்கோப்பில் எண்ண எண்ண எனக்குச் சிரிப்பு தாங்கலை. எங்களதுதான் வேகமாகப் பெருகியிருந்தது, நாலாம் நம்பரும் சேர்த்து! மெலிஞ்ச ஓடும் கொஞ்சம் தேறியிருந்தது. வெளியூர் லேபுக்கு அனுப்பிப் பார்த்ததில் ஜீனும் மாறியிருந்தது. மேடமும் நானும் வராண்டாவில் குதிச்ச குதிக்கு பியூன் ஓடி வந்துட்டார்.

லேபுக்கு வர்ற புள்ளைங்களா, குடுவையைப் பார்த்துப் பாவப்பட்டுக் கை வைக்காதீங்க. நாலாம் நம்பர் என் உதவி இல்லாமலே பொழைச்சுக்கிச்சு. என் உத்தியோகத்தில் அவ்வளவு சந்தோசம் வேற எதுவும் தரலை.